சேன் தெனி பேராலயம்: அரச நினைவு உருவாக்கப்பட்ட வரலாறு

முன்னுரை

பாரிஸ் நகரின் வடக்கெல்லையில் உள்ள சேன் தெனி பேராலயம் இரண்டு சிறப்புகளுக்காக நூல்களில் இடம்பெறுகிறது. பிரெஞ்சு மன்னர்களின் கல்லறைக் கோயில் என்பது ஒன்று. கோதிக் கட்டடக் கலையின் பிறப்பிடம் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் தாமாக வந்தமைந்தவை அல்ல. மடத்துத் துறவியர் நூற்றாண்டுக்கணக்கில் ஆவணம் எழுதியும், கல்லறைகளை வரிசைப்படுத்தியும், சில வேளைகளில் ஆவணம் புனைந்தும் உருவாக்கியவை. அரச வரலாறு ஓரிடத்தில் எவ்வாறு உருவாக்கப்பட்டது என்ற கோணத்தில் இப்பேராலயத்தின் வரலாற்றை இக்கட்டுரை அணுகுகிறது.

ஒரு பெயர், மூன்று மனிதர்

பாரிஸின் முதல் ஆயராகக் கருதப்படும் தெனி, மூன்றாம் நூற்றாண்டில் தலை வெட்டப்பட்டு மறைசாட்சியாக இறந்தவர். அவருடைய பெயரின் இலத்தீன் வடிவம் தியோனீசியுஸ். இதே பெயருடைய வேறு இருவரும் கிறித்தவ வரலாற்றில் உள்ளனர். ஒருவர், திருத்தூதர் பவுல் ஏதென்ஸ் நகரில் மனம் மாற்றியதாக விவிலியம் கூறும் அரியோபாகு மன்றத்தினர். மற்றவர், கி.பி. 500ஐ ஒட்டி, அந்த ஏதென்ஸ்காரரின் பெயரை ஏற்றுக்கொண்டு கிரேக்கத்தில் இறையியல் நூல்களை எழுதிய, இன்றுவரை அடையாளம் தெரியாத ஆசிரியர்.

827இல் பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் மிக்கேல் அனுப்பிய அந்நூல்களின் கிரேக்கப் படி சேன் தெனி மடத்தை அடைந்தது. மடாதிபதி ஹில்டுயின் அதை இலத்தீனாக்க முயன்றதுடன், மூவரும் ஒருவரே என்று தெனியின் வரலாற்றையும் எழுதினார். இதனால் மடத்தின் காவலர் பவுலின் நேரடிச் சீடராகவும், உயர்ந்த மெய்யியல் நூல்களின் ஆசிரியராகவும் ஆனார். மூன்று நூற்றாண்டுக்குப் பின், 1121ஐ ஒட்டி, அம்மடத்திலேயே துறவியாக இருந்த மெய்யியலாளர் அபெலார், பீட் எழுதிய உரையொன்றில் அரியோபாகு தியோனீசியுஸ் கொரிந்து நகரின் ஆயர் எனக் கூறப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டினார். ஓர் உரைக்குறிப்பு எழுப்பிய ஐயம் அது. ஆயினும் மடம் அதனை அரச நிந்தையாகவே கண்டது; அபெலார் இரவோடிரவாகத் தப்பியோட நேர்ந்தது. புனிதரின் அடையாளத்தை ஐயுறுவது நாட்டின் மாண்பையே ஐயுறுவதாகும் என்ற நிலை அதற்குள் உருவாகிவிட்டிருந்தது.

அடக்கமும் திருப்பொழிவும்

ஆறாம் நூற்றாண்டிலேயே அரச குடும்பத்தினர் இங்கு அடக்கம் செய்யப்பட்டனர். அரசி அர்னெகுந்தின் பெயர் பொறித்த மோதிரத்துடன் கூடிய கல்லறை 1959இல் அகழாய்வில் வெளிப்பட்டது. மடத்திற்குப் பெருங்கொடை அளித்த மன்னர் தகோபெர் 639இல் இங்கு அடக்கமானார். 754இல் திருத்தந்தை இரண்டாம் ஸ்தேவான், குட்டைப் பெப்பினுக்கும் அவருடைய மகன்கள் இருவருக்கும் இங்கே திருப்பொழிவு செய்தார். பழைய மரபை அகற்றி அரியணையேறிய புதிய குடிக்கு அச்சடங்கு இன்றியமையாததாக இருந்தது. பெப்பின் தொடங்கிய புதிய ஆலயம் 775இல் சார்லமேன் முன்னிலையில் அர்ச்சிக்கப்பட்டது.

எனினும் மன்னர்கள் அனைவரும் இங்கேதான் அடக்கமாவர் என்ற நியதி தொடக்கத்திலிருந்தே நிலவியதாகக் கொள்வது பிழை. சார்லமேனின் உடல் ஆகன் நகரில் உள்ளது. 1108இல் இறந்த முதலாம் பிலிப் லுவார் ஆற்றங்கரை மடமொன்றையும், 1180இல் இறந்த ஏழாம் லூயி தாம் நிறுவிய பர்போ மடத்தையும் தேர்ந்தனர். முடிசூட்டும் உரிமையோ ரெய்ம்ஸ் பேராலயத்திற்கு உரியதாயிற்று. எனவே மன்னரின் உடலையும் முடியையும் தன்னிடம் தக்கவைப்பதற்குச் சேன் தெனி இடைவிடாது உழைக்க வேண்டியிருந்தது.

சூஜேயின் பணி

அவ்வுழைப்பின் தலையாய மனிதர் 1122 முதல் 1151 வரை மடாதிபதியாக இருந்த சூஜே. எளிய குடும்பத்தில் பிறந்து சிறுவயதிலேயே மடத்தில் விடப்பட்ட இவர், இரண்டாம் சிலுவைப் போருக்கு ஏழாம் லூயி சென்றிருந்த காலத்தில் நாட்டையே ஆண்டவர். 1124இல் செருமானியப் பேரரசர் ஐந்தாம் என்ரிக் படையெடுத்தபோது, ஆறாம் லூயி இவ்வாலயப் பீடத்திலிருந்து கொடியை எடுத்துச் சென்றார். வெக்சின் பகுதியைப் பொறுத்தவரை மன்னர் புனித தெனியின் குடிமானியக்காரரே என்பது அச்சடங்கின் பொருள். மன்னர்கள் தம் முடியை இவ்வாலயத்தில் வைத்து நாட்டைப் புனிதரிடமிருந்தே பெறுவதாகக் கூறும் சார்லமேன் பட்டயம் ஒன்றும் மடத்தில் இருந்தது. அது பன்னிரண்டாம் நூற்றாண்டில் புனையப்பட்டது என்பதே ஆய்வாளர் கருத்து.

சூஜே ஆலயத்தைப் புதுப்பித்தார். மேற்கு முகப்பு 1140 ஜூன் 9இல் அர்ச்சிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 14இல் தொடங்கிய கிழக்குப் பகுதி 1144 ஜூன் 11இல் அர்ச்சிப்புப் பெற்றது. இடையே நான்கு ஆண்டுகள்கூட முழுமையாக இல்லை. விலா வளைவுக் கூரை, கூர்முனை வளைவு ஆகியவை வேறிடங்களில் முன்னரே இருந்தவை. மெல்லிய தூண்களின் மேல் அவற்றைத் தாங்கி, பீடத்தைச் சுற்றிய பாதையின் சிற்றாலயங்களுக்கிடையே சுவரை அகற்றி, வண்ணக் கண்ணாடிச் சாளரங்களால் சூழ்ந்தமையே புதுமை.

இப்புதுமைக்கு ஊற்று எது? சூஜேயின் நூல்களை 1946இல் பதிப்பித்த எர்வின் பனோஃப்ஸ்கி, தியோனீசியுஸ் பெயரிலான நூல்களின் ஒளி இறையியலே அதற்கு அடிப்படை என்றார். பாடநூல்கள் இன்றும் இதையே கூறுகின்றன. 1987இல் பீட்டர் கிட்சன் இதனை மறுத்து, சூஜே அத்தகைய மெய்யியலாளர் அல்லர் என வாதிட்டார். சூஜேயின் எழுத்தைப் படிப்பவருக்குக் கிட்சன் பக்கமே சாயத் தோன்றும். திருவிழா நெரிசலில் பெண்கள் பட்ட துன்பம், தச்சர்கள் கிடைக்காது என்று கைவிரித்த பெரிய உத்தரங்களைக் காட்டில் தாமே தேடிச்சென்று பன்னிரண்டு மரங்களைக் கண்டது, பொன்னும் மணியும் சேர்ந்த கணக்கு ஆகியவற்றையே அவர் விரிவாக எழுதுகிறார். ஒளி பற்றிய வரிகள் பெரும்பாலும் வாயில்களிலும் கலன்களிலும் பொறிக்க அவர் இயற்றிய செய்யுள்களில்தான் வருகின்றன. அவற்றில் தம் பெயரையும் சேர்க்க அவர் மறக்கவில்லை.

கல்லில் எழுதிய வம்சாவளி

1231இல் தொடங்கிய அடுத்த புதுப்பணி 1281இல் நிறைவுற்றது. இதனிடையே ஒன்பதாம் லூயியின் காலத்தில், 1260களில், முன்னோர் பதினாறு பேருக்குப் படுத்த நிலைக் கற்சிலைகள் செய்யப்பட்டன. மெரோவிங்கிய, கரோலிங்கிய மன்னர்கள் தெற்கிலும், கப்பேசியர் வடக்கிலும் வைக்கப்பட்டனர். இரு மரபையும் இணைப்பவர்களாகக் கருதப்பட்ட இரண்டாம் பிலிப், எட்டாம் லூயி ஆகியோர் நடுவில் இடம்பெற்றனர். எட்டாம் லூயியின் தாய் சார்லமேன் வழியினர் என்பதே அதற்குக் காரணம். முகங்கள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே சாயலுடையவை. ஒருபோதும் மன்னராக முடிசூடாத சார்லஸ் மார்தெலின் தலையிலும் முடி உள்ளது. குடிமாற்றங்கள் மறைந்து, ஒரே தொடர்ச்சி காட்சிக்கு வந்தது. அதே மடத்தின் துறவி பிரிமா பிரெஞ்சு மொழியில் தொகுத்து 1274இல் மூன்றாம் பிலிப்பிடம் அளித்த பெருவரலாறு, சிலைகள் சொன்னதையே எழுத்தில் சொன்னது.

கலைப்பும் மீட்பும்

இவ்விடத்தின் பொருளை அதன் பகைவரும் நன்கறிந்திருந்தனர். 1793 ஆகஸ்டில் தேசியப் பேரவையின் ஆணைப்படி கல்லறைகள் உடைக்கப்பட்டன. அக்டோபரில் உடல்கள் வெளியே எடுக்கப்பட்டு வடபுறத்துக் குழிகளில் எறியப்பட்டன. ஈயப் பெட்டிகள் உருக்கப்பட்டன. 1593இல் இதே ஆலயத்தில் கத்தோலிக்கம் தழுவிய நான்காம் என்ரியின் உடல் கெடாதிருந்ததால், சிறிது நேரம் பார்வைக்கு வைக்கப்பட்டது. சிலைகள் பல பிழைத்ததற்கு அவற்றைப் பாரிஸ் அருங்காட்சியகத்தில் சேர்த்த அலெக்சாந்தர் லெனுவாரின் முயற்சியே காரணம். கலைப்பொருள் என்று பெயர் மாற்றியே அவற்றைக் காக்க முடிந்தது.

1806இல் நெப்போலியன் சீரமைப்புக்கு ஆணையிட்டார். முடியாட்சி மீண்டபின், 1815 ஜனவரி 21இல் பதினாறாம் லூயி, மரி அந்துவானெத் ஆகியோரின் எச்சங்கள் இங்குக் கொண்டுவரப்பட்டன. 1817இல் குழிகள் தோண்டப்பட்டபோது எந்த எலும்பு எவருடையது என்று பிரித்தறிய இயலவில்லை. அவை அனைத்தும் நிலவறையில் ஒரே அறையில் இடப்பட்டு, வாயிலை மூடிய பளிங்குப் பலகைகளில் பெயர்கள் பொறிக்கப்பட்டன. தகோபெர் முதல் அனைவரும் அங்குக் கலந்து கிடக்க, மேலே ஆலயத்தில் ஒவ்வொரு சிலையும் தனித்தனியே படுத்திருக்கிறது.