பழைய வீடும் நோயாளியின் அறையும்

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் உள்நோயாளிகள் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. சிகிச்சை முடிந்து வீடு திரும்பவிருக்கும் பெரியவரின் மகனோ மகளோ செவிலியரைத் தனியே அழைத்து, "எங்களுடையது தாத்தா காலத்து வீடு, சிஸ்டர். அப்பாவுக்காக ஓர் அறையை அடைத்து ஏசி போட்டுவிடலாமா?" என்று கேட்கிறார்கள். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம் எனப் பழைய தெருக்கள் இன்னும் எஞ்சியிருக்கும் ஊர்களிலிருந்து வருவோரே இதைப் பெரிதும் கேட்பவர்கள். ஒரே சொல்லில் விடை கூற எங்களால் இயலுவதில்லை. நோயாளியின் மூச்சு, குடும்பத்தின் மின்கட்டணம், வீட்டின் ஆயுள் ஆகிய மூன்றும் அந்தக் கேள்விக்குள் இருக்கின்றன.

நாள்பட்ட நுரையீரல் நோயுள்ள முதியவர் ஒருவரின் குடும்பம் சென்ற ஆண்டு இதற்குத் தானே ஒரு விடை கண்டது. ஓட்டுக்கூரையின் கீழ் தெர்மாகோல் தட்டுகளால் பொய்க்கூரை அமைத்தார்கள். மேலே இருந்த காற்றுத் துளைகளைச் செங்கல் வைத்து மூடினார்கள். உதிர்ந்துகொண்டிருந்த சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்டு பூசினார்கள். ஏசியை 18 டிகிரியில் வைத்தார்கள். எல்லாமே தந்தையின் மேலுள்ள அன்பினால் செய்தவை. கடன் வாங்கிச் செய்தவை. இரண்டு மாதங்களில் அவர் கடும் இருமலோடு எங்களிடம் திரும்பி வந்தார். கட்டிலுக்குப் பின்னால் சுவர் முழுவதும் கரும்பூஞ்சை படர்ந்திருந்ததை மகன் கைப்பேசியில் படம் எடுத்து வந்து காட்டினார்.

என்ன நடந்தது என்பதை விளக்குமுன் நம் மாவட்டத்திலேயே இருக்கும் ஒரு மருத்துவமனையை நினைவுகூர விரும்புகிறோம். தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் நாள்தோறும் இறங்குவோரில் பலர் அந்தப் பெயரின் காரணத்தை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். மருத்துவர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து 1928ஆம் ஆண்டில் அங்கே காசநோயாளிகளுக்கான இல்லத்தைத் தொடங்கினார். இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுப் பகுதியில் அத்தகைய இல்லம் ஒன்றை முன்பே நடத்தியவர் அவர். கணிதமேதை இராமானுஜன் 1917இல் நோயுற்றபோது சிறிது காலம் தங்கியது அந்த இல்லத்தில்தான். தாம்பரத்து இல்லத்தை 1937இல் அரசு ஏற்றுக்கொண்டது. இன்று அது நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனை. காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத அக்காலத்தில், ஓய்வு, நல்லுணவு, திறந்த வெளிக்காற்று ஆகியவையே சிகிச்சை. ஆகவே உலகெங்கும் இவ்வகை இல்லங்கள் அகன்ற தாழ்வாரங்களோடும் உயர்ந்த கூரைகளோடும் பெரிய சன்னல்களோடும் கட்டப்பட்டன.

வெளிக்காற்று மட்டுமே காசநோயைக் குணப்படுத்தாது. அதற்கு மாத்திரைகளை முழுக்காலமும் உட்கொள்ள வேண்டும். இதில் ஐயத்திற்கு இடமில்லை. ஆனால் நோய் பிறருக்குத் தொற்றாமல் காப்பதில் அந்தக் கட்டடங்கள் கெட்டிக்காரத்தனமானவை என்பது பிற்காலத்தில் அளந்து அறியப்பட்டது. பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. 1950க்கு முன் கட்டப்பட்ட, உயர்ந்த கூரையுள்ள அறைகளில் சன்னல்களைத் திறந்து வைத்தபோது மணிக்குச் சுமார் 40 முறை காற்று முழுவதும் மாறியது. 1970க்குப் பின் கட்டப்பட்ட அறைகளில் அது 17 முறை. இயந்திரக் காற்றோட்டம் பொருத்தப்பட்ட அறைகளில் 12 முறைதான். புதிய கட்டடம் என்றால் நோயாளிக்கு நல்லது என்று நாம் எளிதாக நம்பிவிடுகிறோம்!

வீடுகளில் பொருத்தப்படும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை என்பதையும் பலர் அறிவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே அது திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. இருமுபவரும் அவருக்குத் துணையிருப்பவரும் இரவு முழுவதும் ஒரே காற்றைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

இப்போது அந்தச் சுவருக்கு வருவோம். பழைய வீட்டின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டியது. தரையிலிருந்து ஏறும் ஈரத்தையும் கடற்காற்றின் ஈரத்தையும் உறிஞ்சி, வெயில் ஏறியதும் மெல்ல வெளியே விடும் தன்மை அதற்கு உண்டு. அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்குகிறது. மேலே மேலே ஏறுகிறது. ஓதம் அடித்த சுவர் என்று நாம் சொல்வது இதைத்தான். பளபளப்பான பிளாஸ்டிக் பெயிண்டும் ஏறத்தாழ இதே தீங்கைச் செய்கிறது.

கடலோரத்தில் ஈரத்தோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டுக்கு மேல் போனால் சாதாரண உப்பு நீரை இழுத்துக் கரையும். கீழே இறங்கினால் மீண்டும் படிகமாகும். படிகமாகும் ஒவ்வொரு முறையும் கல்லின், காரையின் நுண்துளைகளைத் தள்ளி விரிக்கிறது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைப் பல்லவன் இராசசிம்மன் எழுப்பி ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் ஆகின்றன. அதன் சிற்பங்கள் முகம் தேய்ந்து நிற்பதில் உப்புக்காற்றுக்குப் பெரும்பங்குண்டு. தொல்லியல் துறையினர் நனைத்த காகிதக் கூழைக் கல்லின்மேல் அப்பி உப்பை உறிஞ்சி எடுப்பதும், கடற்பக்கம் சவுக்கு மரங்களை வளர்த்ததும் இதனால்தான். நம் வீட்டுச் சுவர் உப்பரித்துப் பொடியாக உதிர்வதும் அதே நோய். இரவில் ஏசி, பகலில் திறந்த கதவு என்று அறையின் ஈரப்பதத்தை நாள்தோறும் ஏற்றி இறக்கினால் அந்தத் தேய்மானம் விரைவாகிறது.

பூஞ்சைக்கும் காரணம் எளியது. கோடையில் இக்கரையோரக் காற்றில் நீராவி மிகுதி. 18 டிகிரிக்குக் குளிர்ந்துபோன சுவரின்மேல் ஓட்டு இடுக்கு வழியாகவும் கதவு வழியாகவும் புகும் அந்தக் காற்று பட்டவுடன், குளிர்ந்த சொம்பின் வெளியே நீர் முத்து முத்தாக அரும்புவதுபோல் ஈரம் படிகிறது. மூடிய அறை, நனைந்த சுவர், வெளிச்சமின்மை ஆகிய மூன்றும் சேர்ந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? தெர்மாகோல் தட்டுகளுக்கு மேலே மரச்சட்டங்கள் நனைந்து மக்குவதோ கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

அப்படியானால் ஏசியே கூடாதா? அவ்வாறு நாங்கள் சொல்லவில்லை. தண்டுவடக் காயமுற்றவர்கள், பெரிய தீக்காயத்திலிருந்து தேறுபவர்கள், வியர்வையைக் குறைக்கும் மருந்துகளை உண்பவர்கள், இதய நோயுள்ள முதியவர்கள் ஆகியோருக்குக் கடும்வெப்பம் உயிராபத்து. வீடு பழம்பெருமை உடையது என்பதற்காக ஒரு நோயாளி வெப்பத்தில் வாடக்கூடாது. ஆனால் வீடு முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. காங்கிரீட் கூரையோ, கட்டுக்கோப்பான மெட்ராஸ் டெரஸ் மச்சோ உள்ள ஓர் அறை போதும். ஓட்டறையைக் குளிர்விக்க முயல்வது ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதாகும். 26 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிடுங்கள். வெப்ப அளவை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. காலையும் மாலையும் சிறிது நேரம் ஏசியை நிறுத்திச் சன்னல்களைத் திறந்து வையுங்கள். வீட்டில் காசநோயாளி இருந்தால், சளிப் பரிசோதனை பற்றி மருத்துவர் கூறும்வரை அவருடைய அறைச் சன்னல் திறந்தே இருக்கட்டும்.

மற்றவர்களுக்கு வீடே பெரும்பாலான வேலையைச் செய்யும். ஒன்றரை டன் ஏசி இயங்கும்போது சுமார் 1,500 வாட் மின்சாரம் கொள்ளும். சாதாரண மின்விசிறிக்கு 75 வாட், புதுவகை பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் அளவே. கூரைக்கடியில் உள்ள காற்றுத் துளைகள் வழியாகச் சூடான காற்று வெளியேறும். அவற்றை மூடாதீர்கள், கொசுவலை அடியுங்கள். மேற்குச் சன்னலை முற்பகலிலேயே சாத்திவிட்டு, கடற்காற்று வீசத் தொடங்கியதும் கிழக்குச் சன்னலைத் திறவுங்கள். மாடித்தளத்துக்கு ஆண்டுதோறும் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது மிக மலிவான சிகிச்சை. முற்றத்தைத் தகரம் போட்டு மூடுவதற்குமுன் முட்டுக்காட்டில் உள்ள தக்ஷிணசித்ராவுக்கு ஒருமுறை சென்று வாருங்கள். 1996இல் திறக்கப்பட்ட அந்த இடத்தில் பல ஊர்களின் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்து வந்து மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே செட்டிநாட்டு வீட்டின் தாழ்வாரத்தில் நண்பகலில் கால்மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

ஒன்றை மட்டும் வாங்க வேண்டாம் என்போம்: தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர். வறண்ட உள்மாவட்டங்களில் அது நன்கு உதவும். நம் கரையோரத்தில் ஏற்கெனவே உள்ள புழுக்கத்தை அது கூட்டுகிறது. வெட்டிவேர்த் தட்டிக்கும் இதுவே பொருந்தும். மணம் வேண்டுமானால் தொங்கவிடுங்கள். அறை வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறி மட்டும் போதாது என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அப்போது நோயாளியைக் குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றி, ஈரத்துணியால் உடலைத் துடைத்துவிடுங்கள். மயக்கமோ குழப்பமோ கண்டால் உடனே அழைத்து வாருங்கள்.

சுவரைச் சுரண்டும்போதும் சுண்ணாம்பு கலக்கும்போதும் எழும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. நோயாளியை வேலை முடியும்வரை உறவினர் வீட்டில் வையுங்கள். நாங்கள் முதலில் குறிப்பிட்ட குடும்பம் அப்படித்தான் செய்தது. பெரியவர் மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்தார். பொய்க்கூரையைக் கழற்றி, காற்றுத் துளைகளைத் திறந்து, ஒரு பக்கச் சுவரின் சிமெண்டை உரித்துச் சுண்ணாம்புக் காரை பூசினார்கள். ஏசி இப்போது மச்சு அறையில் இருக்கிறது. பெரியவரோ பகலெல்லாம் திண்ணையில் இருக்கிறார். சென்ற மாதம் பரிசோதனைக்கு வந்தபோது இருமல் குறைந்திருந்தது. மீதிச் சுவர் இன்னும் ஈரமாகவே இருக்கிறதாம். பங்குனி வெயிலில் காய்ந்த பிறகு பூசலாம் என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார்.