மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம்

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டின் தென்கோடி மாவட்டங்களுக்குரிய அரசுப் பல்கலைக்கழகம் ஆகும். 1990ஆம் ஆண்டு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஆட்சியெல்லையைப் பிரித்து இது நிறுவப்பட்டது. முதன்மை வளாகம் திருநெல்வேலியிலிருந்து தென்காசி செல்லும் சாலையில், அபிசேகப்பட்டியில் சுமார் 550 ஏக்கர் பரப்பில் அமைந்துள்ளது. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களும், 2019இல் உருவான தென்காசி மாவட்டமும் இதன் எல்லைக்குள் அடங்கும்.

பெயர்

"மனோன்மணீயம்" (1891) நாடகத்தை இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளையின் (1855-1897) பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் மெய்யியல் பேராசிரியராக விளங்கிய இவர், திருநெல்வேலியிலும் சில காலம் ஆசிரியப்பணி ஆற்றியவர். தமிழ்த்தாய் வாழ்த்து இந்நாடகத்தின் பாயிரத்திலிருந்து எடுக்கப்பட்டதாகும்.

நோக்கம்

பல்கலைக்கழகத்தை அருகில் கொண்டுவருவதே இதன் முதல் பயன் எனலாம். பாவூர்சத்திரம் போன்ற ஊர்களிலிருந்து மதுரை 150 கி.மீ.க்கும் அப்பால் உள்ளது. மதிப்பெண் பட்டியலில் ஒரு பிழை திருத்தவும் அங்கேயே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அபிசேகப்பட்டியோ ஒரே பேருந்தில், ஆலங்குளம், சீதபற்பநல்லூர் வழியாகச் சென்று அன்றே திரும்பக்கூடிய தொலைவு. வேளாண்மையையும் பீடி சுற்றும் தொழிலையும் நம்பிய குடும்பங்களுக்கு ஒரு நாள் கூலி சிறிய செய்தியன்று.

1992 முதல் 1998 வரை வே. வசந்தி தேவி துணைவேந்தராக இருந்தார். பின்னர் இவர் மாநில மகளிர் ஆணையத் தலைவராகவும் பணியாற்றினார்.

மாணவர்கள்

இப்பல்கலைக்கழகத்தின் பட்டம் பெறுவோரில் பெரும்பாலோர் அதன் வளாகத்தில் பயின்றவர்கள் அல்லர். சுரண்டை காமராசர் அரசு கலைக் கல்லூரி, குற்றாலம் பராசக்தி மகளிர் கல்லூரி, ஆழ்வார்குறிச்சி பரமகல்யாணி கல்லூரி போன்ற இணைவுக் கல்லூரிகளில் வீட்டிலிருந்தே சென்று படிப்பவர்கள். இவர்களுக்குப் பல்கலைக்கழகம் என்பது பெரிதும் பாடத்திட்டம், பருவத் தேர்வு, பட்டச் சான்றிதழ் ஆகியவையே. நூலகமும் ஆய்வகமும் விடுதியும் சேர்ந்த வளாக வாழ்வு, முதுகலைக்கும் ஆய்வுக்கும் வருவோருக்கே கிட்டுகிறது. இணைவு முறையின் இயல்பான குறை இது. கோவிந்தப்பேரி, புளியங்குடி முதலிய ஊர்களில் பல்கலைக்கழகமே உறுப்புக் கல்லூரிகளைத் தொடங்கியது இக்குறையை ஓரளவு மட்டுமே ஈடுசெய்தது.

ஆய்வு

வளாகத்திற்கு வெளியே இரு மையங்கள் குறிப்பிடத்தக்கவை. கன்னியாகுமரி மாவட்டம் இராசாக்கமங்கலத்தில் கடல்சார் அறிவியல் மையம் உள்ளது. மற்றொன்று ஆழ்வார்குறிச்சியில் உள்ள பரமகல்யாணி சுற்றுச்சூழல் அறிவியல் மையம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்திற்கு அண்மையில் இருப்பதால், காட்டையும் ஆற்றையும் ஆராய்வோருக்கு இது வாய்ப்பான இடம். குற்றவியலுக்குத் தனித்துறை இருப்பதும் இப்பல்கலைக்கழகத்தின் சிறப்பாகும்.

தென்காசி-திருநெல்வேலி இருப்புப்பாதை அம்பாசமுத்திரம் வழியாகச் சுற்றிச் செல்வதால் முதன்மை வளாகத்திற்குப் பேருந்தே வழி. ஆனால் ஆழ்வார்குறிச்சி அப்பாதையிலேயே அமைந்துள்ளது. பாவூர்சத்திரத்தில் தொடர்வண்டி ஏறும் மாணவர் கீழக்கடையத்தைக் கடந்து அம்மையத்தின் ஊரில் இறங்கிக்கொள்ளலாம்.