அவர் குவைத்தில், வீட்டு வேலை நம் தலையில்



நமது கூட்டமைப்பில் கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கும் உறுப்பினர்கள் பலர் இருக்கிறீர்கள். அவர் அங்கே சம்பாதிக்கிறார். இங்கே பிள்ளைகள் படிப்பு, மாமியார் வைத்தியம், நல்லது கெட்டது எல்லாம் நாம்தான் பார்க்கிறோம். அதோடு வீட்டு மராமத்தும் வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? இந்த இதழில் அதைப் பற்றிப் பேசலாம்.

ஒரு உறுப்பினருக்கு நடந்தது

அவர் சம்மதத்துடன், பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். கணவர் குவைத்தில் டிரைவர். மாடித் தளம் ஒழுகியது. கம்பி தெரியும் அளவுக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. மச்சினர் ஒரு கொத்தனாரை அழைத்து வந்தார். பொருளோடு சேர்த்து 1,50,000 ரூபாய் என்று வாய்ப்பேச்சில் முடிவானது. அட்வான்ஸ் என்று 90,000 ரூபாய் கொடுத்தார்கள்.

கொத்தனார் மாடியில் இருந்த பழைய தட்டோட்டைப் பெயர்த்தார். கொஞ்சம் மணலும் சிமெண்டும் இறக்கினார். பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டார். கேட்டால், "நாளைக்கு வந்துடறேன்க்கா" என்பார். ஐப்பசி மழை வந்தது. வீட்டுக்குள் பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடித்தார்கள்.

கணவரிடம் சொல்ல அவருக்குப் பயம். "வேலை நடக்குதுங்க" என்றே சொல்லி வந்தார். தார்ப்பாய் வாங்கவும் வேறு ஆள் வைக்கவும் குழுவில் 25,000 ரூபாய் உள்கடன் எடுத்தார். இரண்டு மாதம் கழித்து, ஊருக்கு வந்து போன ஒருவர் மூலம் கணவருக்கு விஷயம் தெரிந்தது. போனில் அவர் கேட்ட முதல் கேள்வி: "பணத்தை என்ன செஞ்சே?"

"அந்த ஒரு வார்த்தையில நான் திருடி ஆயிட்டேன் மேடம்" என்று குழுக் கூட்டத்தில் அழுதார்.

அன்று குழு ஒரு நல்ல காரியம் செய்தது. யாரும் புத்திமதி சொல்லவில்லை. ஊக்குநர் ஒரு நோட்டை எடுத்தார். இறங்கிய பொருள், வந்த ஆள், கூலி எல்லாவற்றையும் உட்கார்ந்து எழுதினார்கள். 62,000 ரூபாய்க்குக் கணக்கு வந்தது. மீதி 28,000 கொத்தனாரிடம் நின்றது. நோட்டைப் படம் எடுத்துக் கணவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். இரண்டு உறுப்பினர்கள் கூடப் போய்க் கொத்தனாரிடம் பேசினார்கள். 15,000 ரூபாய்க்கு வேலை செய்து கொடுத்தார். 13,000 ரூபாய் இன்றுவரை வரவில்லை. ஆனால் கணவர் கணக்கைப் பார்த்த பிறகு, "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். அந்த வார்த்தை அவருக்குப் பெரிய ஆறுதல்.

வேலை தொடங்கும் முன்

1. எழுதி வாங்குங்கள். என்ன வேலை, எத்தனை சதுர அடி, எவ்வளவு கூலி, எப்போது முடியும், பொருள் யார் வாங்குவது என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இரண்டு சாட்சி இருக்கட்டும். "தெரிஞ்ச ஆளு, எழுதினா சங்கடம்" என்று நினைக்காதீர்கள். தெரிந்த ஆளிடம்தான் பிறகு கேட்பது சங்கடம்.

2. முடிந்தால் பொருளை நீங்கள் வாங்குங்கள். கொத்தனாருக்குக் கூலி மட்டும் பேசுங்கள். ரசீது உங்கள் கையில் இருக்கட்டும்.

3. அட்வான்ஸ் குறைவாகக் கொடுங்கள். வேலை முடிய முடியப் பணம். கடைசிப் பங்கை மாடியில் தண்ணீர் நிறுத்திப் பார்த்த பிறகே கொடுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நின்றும் கீழே கசியாமல் இருந்தால் சரி.

4. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் நகையை அடகு வைத்துச் செலவு செய்தால், அதை "என் பணம்" என்று கணக்கில் தனியாக எழுதுங்கள்.

5. பணம் வங்கிக் கணக்கு வழியாகவே வரட்டும். உண்டியல் மூலம் அனுப்புவது சட்டத்துக்குப் புறம்பானது. பிறகு காட்ட ஆதாரமும் இருக்காது.

வேலை நடக்கும்போது

மேலே ஒழுகுவதை நிறுத்தாமல் கீழே பூசினால் அது நிற்காது. ஏன் தெரியுமா? ஈரம் பட்டுக் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்த கம்பி காரையைக் கீழே தள்ளிவிடும். அதனால் முதலில் மேல்தளம். பிறகு துருவைச் சுரண்டி எடுத்து, அதன்பின் பூச்சு. கம்பி ரொம்ப மெலிந்து போயிருந்தால் பூசி மறைக்க விடாதீர்கள். ஒரு இன்ஜினீயரிடம் காட்டுங்கள்.

மணல், ஜல்லி ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. லாரித் தொட்டியில் உள்ள மணலை நீளம், அகலம், உயரம் அளந்து பெருக்குங்கள். 10 அடி, 5 அடி, 2 அடி என்றால் சரியாக 100. சிமெண்ட் மூட்டை 50 கிலோ. அதில் தயாரித்த வாரமும் வருடமும் அச்சிட்டிருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் பழையதை வாங்க வேண்டாம். புதிய கான்கிரீட்டை, பூச்சைக் குறைந்தது 7 நாள் ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். கொத்தனார் மறந்தாலும் தண்ணீர் ஊற்ற நீங்கள் மறக்காதீர்கள்.

போனில் பேசும்போது

அவருக்கு இங்கே நடப்பது கண்ணில் தெரியாது. நமக்கு அங்கே அவர் படும் பாடு தெரியாது. ஒரே ரூமில் பலரோடு தங்கியிருப்பவர் பண விஷயத்தை மனம் விட்டுப் பேச முடியாது. நமக்கு இரவு 9 மணி என்றால் துபாயில் 7.30, குவைத்திலும் சவுதியிலும் 6.30. வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு பேசுங்கள்.

வீட்டு வேலைக் கணக்குக்கு வாரத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள். அன்றைக்கு நோட்டையும் வேலையையும் படம் எடுத்து அனுப்புங்கள். மற்ற நாளில் பிள்ளைகள் அப்பாவோடு பேசட்டும். தினமும் சிமெண்ட், கம்பி என்றே பேசினால், அவர் போன் வந்தாலே பிள்ளைகள் ஒதுங்கிப் போவார்கள்.

கெட்ட செய்தியை முதல் நாளே சொல்லுங்கள். அன்று கேட்கும் திட்டு சின்னது. மறைத்தால் மாதக் கணக்கில் வளரும். அதேபோல் கணவர்மார்களும், "பணத்தை என்ன செஞ்சே?" என்று கேட்பதற்கு முன், "என்ன நடந்தது?" என்று கேட்க வேண்டும். இந்த வரியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

ஏமாற்றப்பட்டால்

பணம் வாங்கிக்கொண்டு வேலையைப் பாதியில் விட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. ஆலோசனைக்கு 1915 என்ற எண்ணுக்குப் பேசலாம். அங்கேயும் முதலில் கேட்பது எழுத்தும் ரசீதும்தான்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

- நம் குழுவில் இப்போது யார் வீட்டில் வேலை நடக்கிறது? ஒப்பந்தம் எழுதியிருக்கிறார்களா?
- கணக்கு எழுதத் தெரியாத உறுப்பினருக்கு யார் உதவுவது?
- கொத்தனாரிடம் பேசத் தனியாகப் போகாமல், கூட வர இரண்டு பேர் யார்?

குழுவில் பத்து ரூபாய் சந்தாவுக்கும் கணக்கு எழுதிப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கம் நம் வீட்டுக்கும் வரட்டும். அந்த உறுப்பினர் இப்போது தன் நோட்டுக்கு அட்டை போட்டு வைத்திருக்கிறார். கணவர் லீவில் வந்தபோது இரண்டு பேரும் சேர்ந்து படித்தார்களாம்.