மூத்தோர் காற்பந்து: திடலில் இறங்கும் முன்னே

அரசாங்க ஊழியர் ஓய்வு பெற ஒரு தேதி உண்டு. காற்பந்துக்காரருக்கு அப்படி எதுவும் கிடையாது. முட்டி வலிக்கும், வேலை மாறும், கல்யாணம் ஆகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வராமல் போவார், அவ்வளவுதான். பேராக்கில் நம்மவர் பலருக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவர்கள் ஆடிய திடலே இல்லாமல் போய்விட்டது.

சுங்கை சிப்புட் வட்டாரத்தின் எல்பில், கமுனிங், ஹீவூட் போன்ற பெயர்களைக் கேட்டாலே பழையவர்களுக்கு ரப்பர் தோட்டங்கள் நினைவுக்கு வரும். பெரிய தோட்டம் என்றால் லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, பக்கத்தில் ஒரு திடல். விடியலில் பெரட்டுக்கு நின்று பால்மரம் வெட்டியவர்கள் மாலையில் வெறுங்காலோடு பந்து உதைத்தார்கள். ஞாயிறு வந்தால் லோரி ஏறி அடுத்த தோட்டத்துக்குப் போய் ஆடினார்கள். தோற்றுவிட்டால் திரும்பி வரும்போது லோரியில் பேச்சே இருக்காது!

1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தது அதைத் தடுக்கத்தான். பின்னர் ரப்பர் போய் செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. குடும்பங்கள் ஈப்போவின் புந்தோங்கிற்கும், கிள்ளான் பள்ளத்தாக்கிற்கும், சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிச் சென்றன. பதினொரு பேர் பதினொரு ஊரில் இருந்தால் குழு ஏது?

அப்படிப் பிரிந்தவர்கள் மறுபடியும் ஒரே சட்டையில் நிற்க வழி செய்பவைதாம் மூத்தோர் காற்பந்துப் போட்டிகள். தொழில்முறையில் ஆடியவர்களும் இவற்றில் இறங்குகிறார்கள். 1998லும் 2000லும் பேராக்குக்கு மலேசியக் கிண்ணத்தை வென்று தந்த தலைமுறை இன்று ஐம்பது வயதை ஒட்டி நிற்கிறது.

அனைத்துலகப் போட்டி என்றதும் மலைக்க வேண்டியதில்லை. வடக்கே தென் தாய்லாந்து, தெற்கே சிங்கப்பூர், மலாக்கா நீரிணைக்கு அப்பால் மேடான். ஈப்போவுக்கு இவை எல்லாம் எட்டும் தூரம்தான். பக்கத்துப் பினாங்கு 2018 செப்டம்பரில் முதலாவது ஆசிய பசிபிக் மாஸ்டர்ஸ் விளையாட்டுப் போட்டிகளை நடத்தியது. 1985இல் டொராண்டோவில் தொடங்கிய உலக மாஸ்டர்ஸ் போட்டிக்கு 2009இல் சிட்னியில் 28,000க்கும் அதிகமானோர் வந்தனர். அதே சிட்னியில் நடந்த 2000ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் பங்கேற்றவர்களைவிட இது இரண்டு மடங்குக்கும் மேல்.

ஆனால் இருபது வயதுக்காரரின் விதிகளை ஐம்பது வயதுக்காரர் மீது அப்படியே சுமத்த முடியாது. காற்பந்துச் சட்டங்களே இதை ஏற்கின்றன. மூத்தோர் ஆட்டங்களில் திடலின் அளவையும் ஆட்ட நேரத்தையும் குறைக்கலாம். வெளியே சென்றவர் இளைப்பாறிவிட்டுத் திரும்ப உள்ளே வரலாம். 35க்கு மேல், 45க்கு மேல் என்று வயதுப் பிரிவுகளை வகுப்பதும் வழக்கம். சச்சரவு பெரும்பாலும் இங்கேதான் கிளம்பும். தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு இளமையாகத் தெரிய விரும்புபவர்கள் உண்டு. இங்கோ வயதைக் கூட்டிச் சொல்ல ஆசைப்படுவார்கள். அடையாள அட்டையை வாங்கிப் பார்ப்பதே நல்லது.

வயதைவிடப் பெரிய விஷயம் இருதயம். 35 வயதுக்கு உட்பட்டவர் திடலில் திடீரென்று சாய்ந்தால் பெரும்பாலும் பிறவியிலேயே வந்த இருதயக் கோளாறு காரணமாக இருக்கும். அதற்கு மேற்பட்ட வயதில் முதல் காரணம் இரத்தக் குழாய் அடைப்பு. மலேசியாவின் 2019 தேசிய உடல்நல ஆய்வுப்படி, பெரியவர்களில் 18 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31 விழுக்காடு. நீரிழிவு உள்ள சிலருக்கு நெஞ்சு வலிகூடத் தெரியாது. மூச்சு வாங்குவதும் வழக்கத்துக்கு மாறான களைப்பும்தான் எச்சரிக்கை. "ஒன்றும் இல்லை, வெயில்தான்" என்று சொல்லிவிட்டு ஆடுபவரை உடனே வெளியே அழைக்க வேண்டும்.

அதற்காக ஆட்டத்தையே விட்டுவிடச் சொல்லவில்லை. முறையாகப் பரிசோதித்து, அளவோடு ஆடினால் காற்பந்து மூத்தவர்களின் இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று டென்மார்க்கில் பீட்டர் குருஸ்ட்ரப் தலைமையிலான ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆபத்து எங்கே என்றால், ஆண்டு முழுவதும் நாற்காலியில் இருந்துவிட்டுப் போட்டி நாளில் மட்டும் பூட்ஸ் மாட்டுவதில். குதிகால் தசைநார் அறுந்துபோவதும் பெரும்பாலும் இப்படித்தான்.

ஆகவே ஏற்பாட்டாளர்கள் கோப்பை வாங்குவதற்கு முன்பே சிலவற்றைக் கவனிக்க வேண்டும். பெயர்ப் பதிவோடு மருத்துவப் பரிசோதனைச் சான்றிதழையும் கேட்கலாம். ஒரே நாளில் ஒரு குழுவுக்கு நான்கு ஆட்டம் வைக்காமல், உச்சி வெயிலையும் தவிர்க்கலாம். திடல் ஓரத்தில் ஏ.ஈ.டி. எனப்படும் இருதய மின்னதிர்வுக் கருவியும், அதை இயக்கத் தெரிந்த ஒருவரும் இருக்க வேண்டும். 2021 யூரோ கிண்ணத்தில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் திடலிலேயே விழுந்தபோது, உடனே மார்பை அழுத்திக் கொடுத்த முதலுதவியும் இந்தக் கருவியும்தாம் அவரைக் காப்பாற்றின. இருதயம் நின்ற பிறகு கருவி வராமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது.

பார்க்க வரும் மனைவியும் பிள்ளைகளும் அந்தக் கருவி எந்த மேசையில் இருக்கிறது என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளலாம். யாராவது விழுந்துவிட்டால் ஒருவர் 999ஐ அழைக்கட்டும், இன்னொருவர் கருவியை எடுத்து வரட்டும். மூன்றாமவர் மார்பின் நடுவே அழுத்தத் தொடங்க வேண்டும். உதவி வந்து சேரும்வரை நிறுத்தக் கூடாது.