விலாசம்தான் சரக்கு

குன்றக்குடி மலைக்குப் படியேறுகிறவர்களில் பாதிப்பேர் மயிலைத் தேடுவார்கள். மலையே மயில் வடிவம் என்பது ஐதீகம். எங்கே நின்றால் அது மயிலாகத் தெரியும் என்பதில் மட்டும் ஆளுக்கொரு கட்சி. போன மாதம் என்னோடு ஏறியவர் மயிலைத் தேடவில்லை. விமானப்படையில் தரைப்பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். பாதிப் படியில் உட்கார்ந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "பறக்கிறது முக்கால் மணி நேரம் தம்பி. மறுபடி அதைப் பறக்க வைக்கத்தான் நாள் பூரா வேலை."

சென்ற வாரம், நம் இலகு ரகப் போர் விமானமான தேஜஸ் பிறந்த கதையைப் பார்த்தோம். 1983-இல் அனுமதி, 2001 ஜனவரி 4-இல் முதல் பறப்பு. இந்த வாரம், அதை வெளிநாட்டுக்கு விற்கப் போன கதை. அதற்கு இந்தப் படிக்கட்டு வாசகம்தான் திறவுகோல் என்று எனக்குப் படுகிறது.

குன்றக்குடியிலிருந்து காரைக்குடி கூப்பிடு தூரம். பினாங்கிலும் ரங்கூனிலும் கிட்டங்கிகளில் வரிசையாகப் பெட்டியடி போட்டு உட்கார்ந்து கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் கடை ஒவ்வொன்றுக்கும் 'விலாசம்' என்று ஒன்று இருந்தது. ஊர், தெரு, கதவு எண் கிடையாது. தாத்தா, அப்பா, மகன் என்று சேர்ந்த மூன்று நாலு முதலெழுத்துகள். ஏஜென்ட் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு கப்பலேறுவார், மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊர் திரும்புவார், வேறொருவர் வந்து உட்காருவார். எழுத்து மாறாது. அவர்கள் எழுதிக் கொடுத்த உண்டியல் என்ற பணச்சீட்டு செல்லுபடியானது அந்த எழுத்துக்காகத்தான். நாளைக்கும் இந்தக் கடை திறந்திருக்கும் என்ற நம்பிக்கையைத்தான் அவர்கள் வட்டிக்கு விட்டார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

போர் விமானம் விற்பதும் அந்த ரகம். வாங்கிய நாடு முப்பது, நாற்பது வருடம் அதை வைத்திருக்கும். அதன் விமானிகள் விற்றவர் ஊரில் வந்து பயிற்சி எடுப்பார்கள். உதிரிபாகம், ஏவுகணை, மென்பொருள் எல்லாவற்றுக்கும் அதே வாசலில்தான் வந்து நிற்க வேண்டும். கொண்டான் கொடுத்தான் உறவு மாதிரி, மனஸ்தாபம் வந்தாலும் அறுத்துக்கொண்டு போக முடியாது. பெரிய நாடுகள் விமானம் விற்க இவ்வளவு ஆலாய்ப் பறப்பது லாபத்துக்காக மட்டும் இல்லை, இந்தப் பிடிக்காகவும்தான்.

நமக்கு முதல் அடி ஹெலிகாப்டரில் விழுந்தது. ஈக்வடார் நம்மிடம் துருவ் ஹெலிகாப்டர்கள் ஏழு வாங்கியது. 2009-இல் வந்து சேர்ந்த வருடமே, விமானப்படை விழா அணிவகுப்பில் ஒன்று விழுந்தது. அதன் பிறகு மூன்று. சில விபத்துகளுக்கு விமானியின் தவறு காரணம் என்றது நம் தரப்பு. உதிரிபாகம் நேரத்துக்கு வரவில்லை என்றது அவர்கள் தரப்பு. 2015 அக்டோபரில் ஒப்பந்தத்தையே ரத்து செய்தார்கள். நாலு விழுந்ததைவிட, பாகம் வரவில்லை என்ற அந்தப் புகார்தான் எனக்கு உறுத்துகிறது. விழாத விமானம் உலகத்தில் இல்லை. கடை பூட்டியிருக்கிறது என்ற பேச்சு வந்துவிட்டால்தான் கதை முடிந்தது.

மலேசியாவில் நடந்தது வேறு. பதினெட்டு இலகு ரக விமானங்கள் தேவை என்றார்கள். நம்மவர்கள் தேஜஸோடு, அவர்களிடம் இருக்கும் ரஷ்ய சுகோய்களுக்கு அங்கேயே பராமரிப்பு மையம் அமைத்துத் தருகிறோம் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். கெட்டிக்கார யோசனைதான். ஆனால் 2023-இல் ஒப்பந்தம் தென்கொரியாவின் எஃப்ஏ-50-க்குப் போயிற்று. பிலிப்பைன்ஸ் அதை ஓட்டுகிறது. இந்தோனேசியாவும் தாய்லாந்தும் அதே குடும்பத்து டி-50 ரகத்தை ஓட்டுகின்றன. பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று பேர் ஓட்டும் வண்டியை விட்டுவிட்டு, இன்னும் யாருமே வாங்காத வண்டியை முதலில் வாங்க யாருக்குத் துணிச்சல் வரும்?

தேஜஸில் ஆர்வம் காட்டிய அர்ஜென்டினாவின் கதையில் கோளாறு இன்னும் உள்ளே இருந்தது. 1982 ஃபாக்லாந்து போருக்குப் பிறகு, தன் பாகம் உள்ள போர் விமானம் அர்ஜென்டினாவுக்குப் போவதை பிரிட்டன் மறித்தே வருகிறது. தேஜஸில் ஆபத்தில் விமானியைத் தூக்கி எறியும் இருக்கை பிரிட்டனின் மார்ட்டின்-பேக்கர். ஒரு நாற்காலிக்காக ஒரு விமானமே சந்தையில் மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று. 2024 ஏப்ரலில் அர்ஜென்டினா, டென்மார்க் ஓட்டிப் பழகிய எஃப்-16 விமானங்கள் இருபத்து நாலை வாங்கிக்கொண்டது.

நாற்காலியாவது மாற்றிக்கொள்ளலாம். இன்ஜின்? தேஜஸின் இன்ஜின் அமெரிக்காவின் ஜிஇ எஃப்-404. வாஷிங்டன் தலையாட்டாமல் அதை மூன்றாவது நாட்டுக்குக் கொடுக்க முடியாது. இந்தக் கயிறு எப்படி இழுக்கும் என்பது வாங்குகிற பக்கத்திலிருந்து நமக்கு ஏற்கெனவே தெரியும். 1978-இல் சுவீடனின் விக்கென் விமானத்தை நாம் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதன் இன்ஜின் அமெரிக்க வடிவமைப்பு என்பதால் அமெரிக்கா தடுத்துவிட்டது. நாம் ஜாகுவாருக்குப் போனோம். 1998 பொக்ரான் சோதனைக்குப் பிறகு, தேஜஸின் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக அமெரிக்காவில் இருந்த நம் பொறியாளர்களைத் திருப்பி அனுப்பினார்கள். கருவிகள் அங்கேயே தங்கிவிட்டன. நமக்கென்று காவிரி இன்ஜின் 1980-களிலேயே தொடங்கியது. 2008-இல் அதைத் தேஜஸிலிருந்து பிரித்துவிட்டார்கள். விமானத்தில் ஏறாத காவிரி.

இதற்கு முன்பும் ஒரு இன்ஜின் நம்மைக் கைவிட்டிருக்கிறது. அந்தக் கதையைப் பலர் மறந்துவிட்டார்கள். ஜெர்மன் நிபுணர் குர்ட் டாங்க் பெங்களூரில் வடிவமைத்த மாருத் போர் விமானம் 1961-இல் பறந்தது. உடல் நன்றாக வந்தது, தகுந்த இன்ஜின் இல்லை. அதே சமயத்தில் நாசரின் எகிப்து, மெஸ்ஸர்ஷ்மிட் வடிவமைத்த எச்ஏ-300 என்ற விமானத்தையும் அதற்கு ஈ-300 என்ற இன்ஜினையும் உருவாக்கிக்கொண்டிருந்தது. அணிசேரா நண்பர்கள் கைகோத்தார்கள். 1964 மார்ச் 7-இல் எகிப்தின் ஹெல்வானில் எச்ஏ-300 முதன்முதலாகப் பறந்தபோது அதை ஓட்டியவர் கபில் பார்கவா, நம் விமானப்படை அதிகாரி. பிறகு மாருத் ஒன்று எகிப்துக்கே போய் அந்த இன்ஜினைப் பூட்டிக்கொண்டு பறந்தது. 1967 போரில் எகிப்தின் கஜானா காலியாக, 1969-இல் எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். மாருத் சிறிய இன்ஜினோடே காலம் தள்ளியது. வியாபாரம் பேசாமலே பாதுகாப்பு உறவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அந்த ஹெல்வான் காலையைவிட நல்ல சாட்சி என்னிடம் இல்லை. 2022-இல் நாடாளுமன்றத்துக்கு அரசு தந்த, தேஜஸில் ஆர்வம் காட்டும் நாடுகளின் பட்டியலிலும் எகிப்து இருந்தது.

2025 நவம்பர் 21. துபாய் விமானக் கண்காட்சியின் கடைசி நாள். சாகசம் காட்டிக்கொண்டிருந்த தேஜஸ் கூட்டத்தின் கண்ணெதிரே விழுந்தது. விங் கமாண்டர் நமன்ஷ் சியால் உயிரிழந்தார். கோவைக்குப் பக்கத்தில் சூலூரில் இருக்கும் தேஜஸ் படையணியைச் சேர்ந்தவர் என்பதால் கொங்கு நாட்டில் அது சொந்த வீட்டுத் துக்கமாக இருந்தது. இனி யார் வாங்குவார்கள் என்று மறுநாளே தொலைக்காட்சிகளில் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். அவசரம். 1993 ஆகஸ்டில் சுவீடனின் கிரிப்பென், ஸ்டாக்ஹோம் நீர்த் திருவிழாவில் ஜனக்கூட்டத்துக்கு நடுவே விழுந்தது. அதற்கு முன்பு 1989-இல் ஒன்று. என்ன கோளாறு என்று வெளிப்படையாகச் சொன்னார்கள், சரிசெய்தார்கள். தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து, பிரேசில் எல்லாம் பிற்பாடு வந்து வாங்கின.

நமக்கு இப்போதைய சிக்கல் அடுக்களையில். விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்டவை 42 படையணிகள். 2025 செப்டம்பரில் மிக்-21 விடைபெற்ற பிறகு இருப்பவை 29. 2021-இல் 83, 2025-இல் 97 என்று தேஜஸ் மார்க் 1ஏ-வுக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று. 2021-இல் சொன்ன 99 இன்ஜின்களில் முதலாவது வந்ததே 2025 மார்ச்சில்தான். வீட்டுப் பந்தியே முடியாதபோது அசலூருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறேன் என்றால், கேட்கிறவர் சிரிக்க மாட்டாரா?

மலையிலிருந்து இறங்கும்போது அந்த விமானப்படைக்காரரிடம் கேட்டேன், நீங்கள் வாங்குகிற நாட்டில் இருந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்று. வேகம், ரேடார் என்று ஏதாவது சொல்வார் என நினைத்தேன். "ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் பண்ணினா எடுக்கிற ஆள் இருக்கானான்னு பார்ப்பேன்" என்றார். அடிவாரம் வந்ததும் செருப்பைத் தேடப் போய்விட்டார்.

அடுத்த வாரம்: விமானத்துக்கு முன்னால் விலைபோன பிரம்மோஸ் ஏவுகணையும், அதை வாங்கிய பிலிப்பைன்ஸும்.

(தொடரும்)