போன் மாறும்போது எதெல்லாம் கூட வரும்?

உலகில் இன்று பயன்பாட்டில் உள்ள ஸ்மார்ட்போன்களில் மிகப் பெரும்பாலானவை இரண்டே இயங்குதளங்களில் ஓடுகின்றன. ஒன்று கூகுளின் ஆண்ட்ராய்டு; மற்றது ஆப்பிளின் ஐஓஎஸ். 2007 ஜூனில் ஐபோன் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் முதல் ஆண்ட்ராய்டு போன் வந்தது. அதற்கு முன் கோலோச்சிய நோக்கியாவின் சிம்பியனும் பிளாக்பெர்ரியும், பின்னால் வந்து போட்டியிட்ட மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போனும் ஒவ்வொன்றாகக் களத்தைவிட்டு நீங்கின. விண்டோஸ் 10 மொபைலுக்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. பிளாக்பெர்ரியின் பழைய போன்களுக்கான சேவைகள் 2022 ஜனவரி 4 அன்று நிறுத்தப்பட்டன. சீனாவில் ஹுவாவேயின் ஹார்மனி வளர்ந்துவருவதை விட்டுவிட்டால், ஒரு தளம் பிடிக்காதவருக்கு மிஞ்சியிருப்பது மற்றொன்று மட்டுமே. அந்த ஒரு வழியிலும் தடைகள் பல. அவற்றில் சில, தொழில்நுட்பத்தின் இயல்பால் வந்தவை. பல, நீக்க முடிந்தும் நீக்கப்படாமல் விடப்பட்டவை.

இந்தியாவில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட போன்கள் ஆண்ட்ராய்டு என்பதால், இங்கே மாறுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு முதல் சில நிமிடங்கள் நல்ல நம்பிக்கை தரும். தொடர்பு எண்கள், நாட்காட்டி, மின்னஞ்சல், படங்கள் எல்லாம் சிரமமின்றி வந்து சேரும். இதற்கு ஆப்பிள் 2015 முதல் 'மூவ் டு ஐஓஎஸ்' என்ற செயலியைத் தருகிறது. எதிர்த் திசையில் கூகுளிடமும் அப்படியொரு வசதி இருக்கிறது. இவை எளிதாக வருவதற்குக் காரணம், எல்லா நிறுவனங்களும் ஏற்றுக்கொண்ட பொது வடிவங்கள் இவற்றுக்குப் பல ஆண்டுகளாக இருப்பதுதான். ஒரு பெயரையும் எண்ணையும் கோப்பாக எழுதும் முறை, படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் முறை ஆகியவை யாருடைய தனிச்சொத்தும் அல்ல. 2017 முதல் ஐபோன் பயன்படுத்தும் புதிய பட வடிவம் சில பழைய கருவிகளில் திறக்காது. அதுகூட இப்போது பெரிய சிக்கல் இல்லை.

செயலிகளின் கதை வேறு. ஆண்ட்ராய்டுக்கு எழுதிய செயலி ஐபோனில் ஓடாது. இரண்டுக்கும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். எனவே மாற்றும் கருவி செயலியைத் தூக்கிச் செல்வதில்லை. பழைய போனில் இருந்த இலவசச் செயலிகளின் பட்டியலைப் பார்த்து, அவற்றின் இணையைப் புதிய தளத்தின் செயலிக் கடையிலிருந்து இறக்கித் தருகிறது. உள்ளே இருந்த விவரங்கள் வராது. ஒரு செயலியின் கோப்புகளை இன்னொரு செயலி தொடக்கூடாது என்பது இரு தளங்களின் பாதுகாப்பு விதி. திருட்டுச் செயலி வங்கி விவரங்களைப் படிக்காமல் காப்பதும், நேர்மையான செயலி குறிப்புகளை எடுத்துச் செல்ல விடாமல் தடுப்பதும் இதே விதிதான். கிளவுடில் எடுக்கும் பேக்கப்பும் உதவாது. ஐகிளவுடு பேக்கப்பை ஆண்ட்ராய்டால் படிக்க முடியாது. கூகுளின் பேக்கப்பை ஐபோனால் படிக்க முடியாது.

இந்தியப் பயனாளருக்கு இதன் வலி முழுதாகத் தெரியும் இடம் வாட்ஸ்அப். டெலிகிராமில் வழக்கமான உரையாடல்கள் அந்த நிறுவனத்தின் சர்வரிலேயே இருப்பதால், புதிய போனில் நுழைந்த உடனே பழைய செய்திகள் தெரியும். வாட்ஸ்அப்பில் செய்திகள் இரு முனைகளிலும் பூட்டப்பட்டுப் பயணிக்கின்றன. சேர்ந்த பிறகு அவற்றின் பிரதி பயனாளரின் போனில்தான் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அதன் பேக்கப் கூகுள் கணக்குக்குப் போகும், ஐபோனில் ஐகிளவுடுக்குப் போகும். இரண்டும் ஒன்றையொன்று அறியாதவை. 2021 வரை, தளம் மாறிய ஒருவர் வாட்ஸ்அப் வரலாற்றைக் கொண்டுபோக முறையான வழியே இல்லை. இறந்துபோன தந்தையின் குரல் பதிவுகள், ஒரு வியாபாரியின் ஆர்டர் விவரங்கள், பள்ளிக் குழுவின் அறிவிப்புகள் என எல்லாமே பழைய போனில் நின்றுவிடும். தவித்தவர்கள் இணையத்தில் கிடைத்த ஏதோவொரு மென்பொருளை நம்பித் தங்கள் செய்திகள் முழுவதையும் முன்பின் தெரியாதவர்களிடம் திறந்துவைத்தார்கள்.

2021 ஆகஸ்டில், ஐபோனிலிருந்து சாம்சங் போன்களுக்கு மாற்றும் வசதியை வாட்ஸ்அப் அறிவித்தது. பின்னர் அது மற்ற ஆண்ட்ராய்டு போன்களுக்கும் விரிந்தது. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறும் வசதி 2022 ஜூனில்தான் வந்தது. இன்று வழி இருக்கிறது, ஆனால் குறுகலான வழி. ஆண்ட்ராய்டிலிருந்து வருபவர் இரு போன்களையும் ஒரே வைஃபையில் இணைத்து, சார்ஜரில் செருகி, 'மூவ் டு ஐஓஎஸ்' வழியாக மாற்ற வேண்டும். ஐபோனிலிருந்து போகிறவருக்கு இரண்டையும் இணைக்கும் கேபிள் வேண்டும். எண் மாறக்கூடாது. இவற்றையெல்லாம்விடப் பலரைச் சிக்கவைக்கும் நிபந்தனை ஒன்று உண்டு: இந்த வேலைக்குப் புதிய போன் பெட்டியிலிருந்து எடுத்த நிலையில், அல்லது முழுதாக அழித்த நிலையில் இருக்க வேண்டும். வாங்கிய மகிழ்ச்சியில் ஒரு வாரம் பயன்படுத்திவிட்டுப் பிறகு பழைய செய்திகளைத் தேடுபவர், அந்த ஒரு வாரப் பயன்பாட்டை அழித்துத் தொடக்கத்திலிருந்து வர வேண்டியிருக்கும். கடைக்காரர்கள் போனை விற்கும்போதே இதைச் சொல்லிவிட்டால் எத்தனையோ பேரின் இழப்பு தவிரும்.

அடுத்தது பணம். யுபிஐ செயலிகள் ஒரு குறிப்பிட்ட போனுடனும் சிம்முடனும் பிணைக்கப்பட்டவை. வங்கியில் பதிவான எண்ணுள்ள சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போய்ச் சேர்ந்தால்தான் அந்தப் பிணைப்பு உண்டாகும். ஆகவே போன் மாறினால், அது எந்தத் தளமாக இருந்தாலும், மறுபடி பதிய வேண்டும். இது தேவையான பாதுகாப்பு. இதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் தளம் மாறும்போது ஒரு சின்ன வேறுபாடு குழப்பம் தருகிறது. ஆண்ட்ராய்டில் அனுமதி பெற்ற செயலி அந்த எஸ்எம்எஸ்-ஐத் தானே அனுப்பிவிடும். ஐபோனில் செயலிகளுக்கு அந்த உரிமை கிடையாது; செய்தி தயாராகத் திரையில் வந்து நிற்கும், பயனாளர்தான் அனுப்பும் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு சிம் இருந்து தவறான சிம்மிலிருந்து போனாலும், எஸ்எம்எஸ் அனுப்பப் போதிய இருப்பு இல்லாவிட்டாலும் பதிவு தோற்றுவிடும். வயதானவர்கள் இதைப் 'பணம் முடங்கிவிட்டது' என்று எண்ணிப் பயந்துவிடுகிறார்கள். பணம் வங்கியில் பத்திரமாகத்தான் இருக்கிறது. யுபிஐ ரகசிய எண்ணும் போனில் இருப்பதில்லை என்பதால், பழைய எண்ணே பெரும்பாலும் தொடரும். எஸ்எம்எஸ்-களைப் படித்து வரவு செலவுக் கணக்கு எழுதும் ஆண்ட்ராய்டுச் செயலிகள் மட்டும் ஐபோனில் அவ்வாறு இயங்கா. அங்கே பிற செயலிகள் எஸ்எம்எஸ்-ஐப் படிக்க இடமில்லை.

இரட்டைச் சரிபார்ப்பு எண்களைத் தரும் செயலிகளில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். அவற்றின் ரகசியச் சாவி பழைய போனில் மட்டுமே இருந்து, அந்தப் போனும் அழிக்கப்பட்டால், கணக்குக்குள் நுழைவதே கடினமாகிவிடும். கூகுள் ஆதென்டிகேட்டர் 2023 ஏப்ரல் முதல் இந்தச் சாவிகளைக் கணக்கில் சேமிக்க இடம் தருகிறது. அந்த வசதியை இயக்கி வைத்திருக்கிறோமா என்பதை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

காசு கொடுத்து வாங்கியவை பெரும்பாலும் கூட வராது. ஒரு கடையில் வாங்கிய செயலியை மறு கடையில் மீண்டும் வாங்க வேண்டும். ஆப் ஸ்டோர் வழியாகக் கட்டிய மாதச் சந்தா, போனை விற்ற பிறகும் தானாகப் பணம் எடுத்துக்கொண்டே இருக்கும். தனியாகப் போய் ரத்து செய்தாக வேண்டும். ஆப்பிள் வாட்ச் ஆண்ட்ராய்டுடன் இணையாது. சாம்சங்கின் கேலக்ஸி வாட்ச்சும் 2021-இல் வந்த நான்காம் வரிசையிலிருந்து ஐபோனுடன் இணைவதில்லை. ஆகவே போனை மாற்றுகிறவர் கைக்கடிகாரத்தையும் மாற்ற வேண்டியவராகிறார். அதில் பல ஆண்டுகள் சேர்ந்த இதயத் துடிப்பு, நடை, தூக்கக் குறிப்புகளையும் அப்படியே எடுத்துச் செல்ல எளிய வழியில்லை.

இரு திசைகளிலும் சிரமம் சமமாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கூகுளின் வருமானம் விளம்பரத்தில் இருப்பதால் ஜிமெயில், மேப்ஸ், போட்டோஸ் போன்ற அதன் சேவைகள் ஐபோனிலும் முழுமையாகக் கிடைக்கின்றன. ஆப்பிளின் வருமானத்தில் பெரும்பகுதி கருவி விற்பனையிலிருந்து வருகிறது. அதன் சேவைகளில் சிலவே ஆண்ட்ராய்டுக்கு வந்திருக்கின்றன. ஆகையால் ஆப்பிளுக்குள் நுழைவதைவிட அங்கிருந்து வெளியேறுவதே கடினம்.

இது தற்செயல் அல்ல என்பதற்கு நீதிமன்ற ஆவணங்களே சான்று. தங்கள் தயாரிப்புகளை ஒன்றோடொன்று பிணைத்து வாடிக்கையாளர்களைத் தங்கள் அமைப்புக்குள் மேலும் இறுக்கிப் பூட்டுவது ஒரு நோக்கம் என்று ஆப்பிளின் தலைவராக இருந்த ஸ்டீவ் ஜாப்ஸ் 2010-இல் எழுதிய உள் மின்னஞ்சல், சாம்சங்குடனான வழக்கில் 2014-இல் வெளிவந்தது. ஆப்பிளின் செய்திச் சேவையான ஐமெசேஜை ஆண்ட்ராய்டுக்குக் கொடுத்தால், ஐபோன் வைத்திருக்கும் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு வாங்கிக் கொடுப்பதில் இருக்கும் தடை நீங்கிவிடும் என்று அதன் உயர் அதிகாரி ஒருவர் எழுதியது, எபிக் கேம்ஸ் தொடுத்த வழக்கில் 2021-இல் வெளிவந்தது. ஐமெசேஜ் 2011-இல் வந்தபின், அமெரிக்காவில் ஐபோனை விட்டவர்களுக்கு நண்பர்கள் அனுப்பிய செய்திகள் வந்து சேராமல் போயின. அந்த எண் இன்னும் ஐபோனில் இருப்பதாகவே ஆப்பிளின் அமைப்பு எண்ணிக்கொண்டிருந்தது. எண்ணை விடுவிக்கும் இணையப்பக்கத்தை ஆப்பிள் 2014 நவம்பரில்தான் தந்தது.

சட்டம் நினைத்தால் மாறுவதை எளிதாக்கலாம் என்பதற்கு இந்தியாவிலேயே எடுத்துக்காட்டு உண்டு. ஒரு காலத்தில் சிம் நிறுவனத்தை மாற்றினால் எண்ணும் போய்விடும்; அதற்குப் பயந்தே மோசமான சேவையைப் பொறுத்துக்கொண்டவர்கள் ஏராளம். 2010 நவம்பரில் ஹரியானாவிலும், 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் உரிமை நடைமுறைக்கு வந்தது. போனுக்குள் இருக்கும் விவரங்களுக்கு அத்தகைய உரிமையை நோக்கி ஐரோப்பிய ஒன்றியம் நகர்ந்திருக்கிறது. அதன் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின் கடமைகள் 2024 மார்ச் 7 முதல் பெருநிறுவனங்களைக் கட்டுப்படுத்துகின்றன. பயனாளரின் தரவை இலவசமாக, பயன்படும் விதத்தில் எடுத்துச் செல்ல விட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அதே மாதம் 21-ஆம் தேதி அமெரிக்க நீதித்துறை ஆப்பிள் மீது ஏகபோக வழக்குத் தொடர்ந்தது. செய்திச் சேவை, கைக்கடிகாரம், டிஜிட்டல் பணப்பை ஆகியவற்றைக் கொண்டு வெளியேறும் வழியை அடைக்கிறது என்பது குற்றச்சாட்டு. ஆப்பிள் இதை மறுக்கிறது.

இந்த அழுத்தங்களுக்குப் பலன் தெரிகிறது. சீன, ஐரோப்பிய விதிகளின் நெருக்கத்துக்குப் பின், 2024 செப்டம்பரில் ஐபோன் ஆர்சிஎஸ் என்ற பொதுச் செய்தி முறையை ஏற்றது. ஐரோப்பாவின் பொது சார்ஜர் விதி நெருங்கியபோது, 2023-இல் ஐபோனுக்கு யுஎஸ்பி-சி வந்தது. ஆண்ட்ராய்டு வைத்திருந்தவரால் பழைய சார்ஜரையே தொடர முடிகிறது. எண்ணுக்குக் கிடைத்த உரிமை தரவுக்கும் வேண்டும் என்று இந்தியப் பயனாளர்களும் கேட்க வேண்டிய நேரம் இது.

அதுவரை, தளம் மாற நினைப்பவர்கள் ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். இணையத்தில் எக்ஸ்சேஞ்ச் சலுகையில் வாங்கினால், புதிய போனைக் கொண்டுவருபவர் பழையதை அப்போதே வாசலில் வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஒரே தளத்துக்குள் மாறுகிறவர், பேக்கப் எடுத்திருந்தால் சமாளித்துக்கொள்ளலாம். தளம் தாண்டுபவருக்கு இரண்டு போன்களும் ஒரே நேரத்தில் கையில் இருந்தாக வேண்டும். சலுகைத் தொகை சற்றுக் குறைந்தாலும் பழைய போனைக் கையில் வைத்திருங்கள். வாட்ஸ்அப் வரலாறு, வங்கிச் செயலி, சரிபார்ப்பு எண்கள் மூன்றும் புதியதில் வேலை செய்வதைப் பார்த்த பிறகே அதை அழித்து விற்பனைக்குக் கொடுங்கள்.