ஆங்கிலம் தொலைத்த 'நீ'

1603 நவம்பரில் இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகரில் சர் வால்டர் ராலே மீது ராஜத்துரோக வழக்கு நடந்தது. லண்டனில் பிளேக் பரவியிருந்ததால் விசாரணையை வின்செஸ்டருக்கு மாற்றியிருந்தார்கள். முதலாம் எலிசபெத் ராணியின் பிரியத்துக்கு உரியவராகவும் அவருடைய மெய்க்காவல் படைத் தலைவராகவும் இருந்தவர் ராலே. புதிய மன்னர் ஜேம்ஸைக் கவிழ்க்கச் சதி செய்தார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்ட் கோக், வாதம் சூடேறியதும் ராலேயை 'தவ்' என்று விளித்தார். அதோடு விடவில்லை. அதே சொல்லை வினையாக்கி, 'துரோகியே, உன்னைத் தவ் போட்டுத்தான் பேசுகிறேன்' என்கிற பொருளில் முகத்துக்கு நேரே சொன்னார்.

'தவ்' என்றால் நீ. அது வினையாக வரும்போது, ஒருவரை ஏகவசனத்தில் பேசுவது என்று பொருள். 'என்னை வா, போ என்று பேசிவிட்டான்' என்று நாம் கொதிப்போமே, அந்தக் கொதிப்புக்கு உரிய செயல்தான் அது. 15ஆம் நூற்றாண்டிலேயே இந்த வினை ஆங்கில எழுத்தில் வந்துவிட்டது. இதற்கு நிகரான வினைகள் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இன்றும் அன்றாடப் பேச்சில் இருக்கின்றன. பொது ஆங்கிலத்தில் வினையும் போயிற்று, அதைப் பெற்ற சொல்லும் போயிற்று.

பழைய ஆங்கிலத்தில் 'தவ்' ஒருவருக்கு, 'யீ' பலருக்கு. மரியாதைக் கணக்கு எதுவும் கிடையாது, அரசனும் 'தவ்'தான். சங்கப் புலவர்கள் வேந்தர்களை 'நீ' என்று பாடியதை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. 1066இல் நார்மானியர்கள் நாட்டைப் பிடித்தபின் பிரெஞ்சு மேட்டுக்குடியின் மொழியானது. 13ஆம் நூற்றாண்டு வாக்கில், பெரியவர்களைப் பன்மையில் அழைக்கும் பிரெஞ்சு வழக்கம் ஆங்கிலத்திலும் படியத் தொடங்கியது. 'யீ' என்பதன் வேற்றுமை வடிவமான 'யூ' மெல்ல மெல்ல அதன் இடத்தையே பிடித்து, நம் 'நீங்கள்' போல ஆயிற்று.

ரோஜர் பிரவுன் என்ற உளவியலாளரும் ஆல்பர்ட் கில்மன் என்ற ஆங்கில அறிஞரும் 1960இல் வெளியிட்ட கட்டுரை இத்தகைய சொற்களை ஆராய்ந்தது. யாருக்கு எந்தச் சொல் என்ற தேர்வை அதிகாரம், நெருக்கம் என்ற இரண்டு விசைகள் தீர்மானிக்கின்றன என்றார்கள். மேலே இருப்பவர் 'நீ' என்கிறார், கீழே இருப்பவர் 'நீங்கள்' என்கிறார். நண்பர்கள் ஒருவருக்கொருவர் 'நீ' சொல்லிக்கொள்கிறார்கள். ஒரே சொல் அன்பாகவும் அவமதிப்பாகவும் இருப்பது இதனால்தான். வின்செஸ்டரில் கோக் ஏந்தியது இதன் அவமதிப்பு முனையை.

அதே காலத்தில் ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தில் சண்டைக்கு அழைத்துக் கடிதம் எழுதப்போகும் ஒருவனுக்கு, எதிராளியை மூன்று தடவையாவது 'தவ்' போட்டு எழுது என்று ஒரு யோசனை சொல்லப்படுகிறது. பார்வையாளர்கள் சிரித்திருப்பார்கள். அந்தச் சொல்லின் சூடு அவர்களுக்குத் தெரியும்.

சுமார் அரை நூற்றாண்டில் இதே சொல்லுக்காக மனிதர்கள் அடிபட்டார்கள். ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கிய குவேக்கர் இயக்கத்தினர் நீதிபதி, பிரபு, பிச்சைக்காரர் என்று பாராமல் எல்லோரையும் 'தவ்' என்றே அழைத்தார்கள். கடவுளுக்கு முன் எல்லோரும் சமம் என்பது அவர்கள் நம்பிக்கை. ஒரே ஆளைப் பன்மையில் அழைப்பது பொய் பேசுவதாகும் என்றும் வாதிட்டார்கள். 1660இல் ஃபாக்ஸும் இரு தோழர்களும் பல மொழிகளின் ஒருமை, பன்மை இலக்கணத்தைத் திரட்டி ஒரு புத்தகமே போட்டார்கள். தாமஸ் எல்வுட் என்ற இளைஞர் தன் தந்தையைத் 'தவ்' என்றார். தந்தை முஷ்டியால் தாக்கினார். எல்வுட் பின்னாளில் பார்வையிழந்த கவிஞர் மில்டனுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டியவர். ஒரு பிரதிப்பெயருக்காக உதைபட முன்வந்த அந்த நெஞ்சுரம் என்னைப் பிரமிக்க வைக்கிறது.

ஆனால் வரலாறு வேறு வழியில் சமத்துவத்துக்குப் போனது. நகரங்கள் பெருத்தன. எதிரே நிற்பவரின் அந்தஸ்தை ஆடையைப் பார்த்து எடைபோட முடியாமல் போயிற்று. சந்தேகம் வந்தால் 'யூ' சொல்லிவிடுவதே பாதுகாப்பு. 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பொதுப் பேச்சில் 'தவ்' ஒடுங்கிவிட்டது. எஞ்சியது யார்க்‌ஷயர் போன்ற வட்டார வழக்குகளிலும் தேவாலயத்திலும். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிள் கடவுளைத் 'தவ்' என்றே அழைக்கிறது. அதைப் பிரார்த்தனையில் மட்டுமே கேட்டு வளர்ந்தவர்கள் அதை மிக உயர்ந்த மரியாதைச் சொல் என்று நினைத்துக்கொண்டார்கள். ராலேயைக் காயப்படுத்திய சொல்லுக்கு இப்படி ஒரு மறுபிறப்பு!

ஆங்கிலத்தில் மரியாதை கிடையாது, எல்லோரும் 'நீ'தான் என்று நம்மில் பலர் சொல்கிறோம். அது தவறு. அந்த மொழி இழந்தது 'நீ'யை. இன்று அதில் குழந்தைக்கும் நாய்க்குட்டிக்கும்கூட 'நீங்கள்'தான்.

கல்லூரியில் ஷேக்ஸ்பியர் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'யூ' என்பது 'தவ்' ஆக மாறும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு படியுங்கள். 'லியர் மன்னன்' முதல் காட்சியில், விசுவாசமான கென்ட் பிரபு தன் அரசனையே 'தவ்' என்று அழைக்கும் இடத்திலிருந்து தொடங்கலாம்.